ஆமத்தூர் பீரோ

எங்கள் சிவகாசி அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறவள் பானுப்பிரியா. நான் கட்டிங் மிஷினில் நிற்கிறவன். லேபிளில் சிவப்பு ஒரு பொட்டு வெளுத்தாலும் பட்டாசுக் கம்பெனிக்காரன் லோடைத் திருப்பிவிடுவான், மகராசன்! அதனால் எந்தக் கம்பெனிக்கு எந்தச் சிவப்பு என்று கம்ப்யூட்டரில் செட்டிங் செய்து வைத்திருந்தாள்.

புருஷன் அடி தாங்காமல் ஆமத்தூரிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள். துணிப்பையை எடுத்தாளே தவிர, படித்த சர்டிபிகேட் எல்லாம் மாமியார் மாடத்தியின் பீரோவில் மாட்டிக்கொண்டன. அந்த வீட்டில் எல்லார் சாமானும் அந்த ஒரே பீரோவில்தான். சாவி மாடத்தியின் இடுப்பில். போய்க் கேட்க இவளுக்குப் பயம். சர்டிபிகேட் கேட்காமல் வேலை கொடுத்தவர் எங்கள் முதலாளி ராஜபாண்டியன் ஒருவர்தான். இதுவும் போனால் வேறு கதியில்லை.

தீபாவளி சீசனில் முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதிலிருந்த சாப்ட்வேர் ஃபோல்டரை பானு அப்படியே காப்பி எடுத்துக்கொண்டாள். முன்பு அவள் பழகிய சாப்ட்வேர் தன் செட்டிங்கைத் தன் ஃபோல்டரிலேயே வைத்திருக்கும், அந்த நம்பிக்கை. பழைய பெட்டி, புதியதை விற்ற விருதுநகர் கடைக்கே மாற்றாகப் போய்விட்டது. புதியதில் திறந்தால் ஒரு சிவப்பையும் காணோம்!

"சாயங்காலம் அச்சுக்கு பிளேட் போடணும். கலர் வரலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் முதலாளி. சொன்னால் செய்கிற மனுஷன்.

கடைக்குப் போன் போட்டாள். மெக்கானிக் முனியராஜ் எடுத்தார்.

"தங்கச்சி, இந்த சாப்ட்வேரு செட்டிங்க விண்டோஸோட ரெஜிஸ்ட்ரியிலதான் எளுதி வைக்கும். எல்லா சாப்ட்வேருக்கும் அது பொது எடம். நீங்க ஃபோல்டரை மட்டும் எடுத்திருக்கீக."

"எங்க அத்தை பீரோ மாதிரில்ல இருக்கு! அண்ணே, அழிச்சிட்டீகளா?"

"இன்னும் இல்ல. வெரசா வாங்க."

என் பைக்கில் கூட்டிப்போனேன். அவளுடைய செட்டிங் இருந்த பகுதியை முனியராஜ் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பானு கடையிலேயே அழுதுவிட்டாள்.

திரும்பும் வழியில், "ஆமத்தூர்ல நிப்பாட்டுங்கண்ணே," என்றாள்.

"கிறுக்கா ஒனக்கு? முதலாளி காத்துக்கிட்டு இருக்காரு!"

"அஞ்சே நிமிசம்."

மாடத்தி வாசலில்தான் இருந்தாள். பானு இறங்கி நேரே அவள் முன் போய் நின்றாள்.

"அத்தை, என் சர்டிபிகேட்டு ஒங்க பீரோவுல இருக்கு. குடுங்க."

மாடத்தி உள்ளே போய் பீரோவைத் திறந்து, மஞ்சப்பையோடு வந்தாள்.

"கிளிச்சுப் போடப்போறேன்னு எம் மவன் குதிச்சான். அதான் சாவியை இடுப்ப விட்டு எறக்கவே இல்ல," என்று பையை நீட்டினாள். "நீ ஏன்டி இம்புட்டு நாளா வரலே?"