கரையில் நிறுத்தப்பட்ட அம்மா

அந்த ஒரு வாரம் முழுக்க அம்மாவின் முகத்தில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. காலையில் என்னை எழுப்பக் குனியும்போதும், காட்டுக்குக் கிளம்பும் முன் எனக்குத் தலை வாரிவிடும்போதும் அந்த வாசனை என் மேல் படிந்தது. பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து மூக்குத்தியின் திருகைச் சுற்றி வைப்பாள், கொஞ்ச நேரம் கழித்துச் சோப்புத் தண்ணீர் விடுவாள், பிறகு நகத்தால் பிடித்துத் திருகுவாள்; திருகு அசையாது. பத்து வயதில் குத்திய மூக்குத்தி அது, இருபது வருஷத்துச் சதை அதை விழுங்கி வைத்திருந்தது. கடுகளவு தங்கம். அதைக் கழற்றாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை "முழுக்கு" கிடையாது என்று சபையில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. பால்யத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மனம் கசிந்து எழுதுவார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம், எனக்கு அந்த வாசனையை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஞானஸ்நானம் என்று புத்தகத்தில் எழுதுவதைத்தான் எங்கள் பக்கம் "முழுக்கு" என்பார்கள். தலை முதல் கால் வரை தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பது. எம்.ரெட்டியபட்டியைத் தாண்டித் திருச்சுழிப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பி விளைகிற கரிசல். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், ஆள் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு சட்டம். கண்மாய் நிறைந்தால்தான் முழுக்கு, கண்மாயோ மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நிறைந்தால் பெரிய விஷயம்.

அம்மா பேச்சியம்மாள் அந்தச் சபைக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான், பத்து மாதம் இருந்தான். பருத்தி எடுப்பு மும்முரமாக இருந்த சமயத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் நின்றால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் வேலை. அம்மா அவனைக் காட்டோரத்து வேப்ப மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு மூன்று நாள் பருத்தி எடுத்தாள். நான்காம் நாள் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். பாதி வழியில் பிள்ளை அடங்கிவிட்டது. வாய்விட்டு அழுதால் நடு ரோட்டில் இறக்கி விட்டுவிடுவார்கள் என்று பயந்து, உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தட்டிக் கொடுப்பதுபோல் டவுன் வரை தட்டிக்கொண்டே போனாளாம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் சரியாகத் தூங்கவில்லை. "நாந்தான் கொன்னேன்" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சு இல்லை.

கூட வேலை பார்த்த ஒரு பெண்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கீற்றுக் கொட்டகை, ஒரு தப்பு மேளம், ஒரு ஜோடித் தாளம். ஊரில் அதைக் "கைதட்டுற கோயில்" என்பார்கள். பாஸ்டர் ஐயா அன்றைக்குப் பேசியது ஒன்றே ஒன்றுதான் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்: பாவத்துக்குக் கிடைப்பது கூலி, கடவுள் தருவதோ கூலி அல்ல, இனாம், நீ எதையும் செய்து அதைச் சம்பாதிக்க முடியாது, உனக்காக ஒருவர் செத்தார் என்று நம்பிக் கையை நீட்டினால் போதும். கூலிக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள்: "எனக்கு மன்னிப்புக் கெடைச்சிருச்சு. பிள்ள விசயத்துக்கும் சேத்துத்தான்."

அப்பா அருப்புக்கோட்டையில் பஞ்சு மூட்டை லோடு ஏற்றுகிறவர். "சும்மா எவன்டி குடுப்பான்?" என்று சிரித்தார். ஆனாலும் அன்றைக்கு அம்மா படுத்ததும் தூங்கியதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அவளைச் சபைக்குப் போகாதே என்று அவர் சொன்னதே இல்லை.

அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. கண்மாய் நிறைந்தது, முழுக்குக்கு ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள், அப்போதுதான் அந்த இனாமுக்கு நிபந்தனைகள் வர ஆரம்பித்தன. பூ வைக்கக் கூடாது, பொட்டுக் கூடாது, தோடு கூடாது, தாலி கூடாது. அம்மா தயங்கித் தயங்கித் தாலியைப் பற்றி அப்பாவிடம் கேட்டாள். "கழட்டிக்க. அது இல்லாட்டியும் நாந்தான ஒம் புருசன்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டைப் பார்த்தார். வேதம் தெரியாத அந்த மனுஷனுக்குத் தெரிந்தது, வேதத்தைக் கரைத்துக் குடித்தவருக்குத் தெரியாமல் போனது.

மூக்குத்திதான் வரவில்லை. சனிக்கிழமை டவுனுக்குப் போய் ஆசாரியிடம் காட்டினோம். மூக்கு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. "மண்ணெண்ணெய ஊத்திப் புண்ணாக்கி வச்சிருக்கியே தாயி. இப்பத் தொட்டா மூக்கு கிழிஞ்சிரும். ஆறட்டும், ஒரு மாசங் கழிச்சு வா, நான் எடுத்துத் தாரேன்" என்று அனுப்பிவிட்டார். அம்மா அதன் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். மறைக்க ஒட்டினாளா, புண்ணுக்கு ஒட்டினாளா என்று எனக்குத் தெரியாது, இரண்டுக்குமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். கரையில் பாட்டு. அம்மா ஆறாவது ஆளாக வெள்ளைச் சேலையில் இறங்கினாள், முழங்கால் வரை போய்விட்டாள்.

"மூக்குல என்னம்மா?"

"புண்ணுங்க ஐயா."

"கழட்டிட்டியா?"

அம்மா பிளாஸ்திரியைக் கையால் மறைத்துக்கொண்டாள். அவர் கரையில் மாற்றுச் சேலையோடு நின்ற என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லு. ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு, பொய் சொல்லக் கூடாது."

"உள்ளதான் இருக்கு. கழல மாட்டேங்குது" என்றேன். முதல் பாதி மட்டுமே அவர் காதில் விழுந்தது.

"கடுகளவு தங்கத்த விட மனசில்ல, உசுர எப்படிம்மா ஆண்டவருக்குக் குடுப்ப? தள்ளி நில்லு. அடுத்த முழுக்குக்குப் பாக்கலாம்."

ஏழாவது ஆளைக் கூப்பிட்டார், பாட்டு தொடர்ந்தது. அம்மா முழங்கால் வரை நனைந்த சேலையோடு கரையேறி வந்தாள். சைக்கிளோடு தூரத்தில் நின்ற அப்பா கரையில் நின்றவர்களை இடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இது எங்க அய்யனாரு கண்மாய்த் தண்ணி. நீ எறங்கு, நான் முக்கி எடுக்குறேன். இவுக யாரு தள்ளி நிக்கச் சொல்றதுக்கு?" அம்மா அவர் வாயைப் பொத்தினாள். என்னை அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக ஒரு பிள்ளை தன்னையே வெறுக்கும்படி செய்த அந்த ஆளை நான் இத்தனை வருஷமாக மன்னிக்கவில்லை, மன்னிக்க முயன்றதும் இல்லை.

சொன்னபடி மார்கழி மாதம் ஆசாரி மூக்குத்தியை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதே நாளில் பாஸ்டர் ஐயாவிடம் ஓடினாள். ஒரு ஆளுக்காகத் தனியாக முழுக்குக் கொடுக்க முடியாது, நாலு பேர் சேரட்டும் என்றார். நாலு பேர் சேர்வதற்குள் மாசி வந்துவிட்டது, கண்மாயில் சேறுதான் இருந்தது. பம்புசெட்டுத் தொட்டியில் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு, அது அய்யனார் பொங்கலுக்குத் தண்ணீர் எடுக்கிற கிணறு, தீட்டு என்றார். கண்மாயைக் காவல் காப்பதும் அதே அய்யனார்தான் என்று அப்பா சொன்னதை அம்மா சபையில் போய்ச் சொல்லவில்லை. அடுத்த மூன்று வருஷம் மழை இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசக் கிண்ணமும் வரிசையாக வரும், அம்மாவிடம் வந்ததும் தாண்டிப் போகும். முழுக்கு எடுக்காதவளுக்கு அது கிடையாது. அம்மாவுக்கு அந்தக் கிண்ணம் பெரிதில்லை. அது தாண்டிப் போகும்போதெல்லாம் பிள்ளை விஷயத்தில் கிடைத்த மன்னிப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். மறுபடி தூக்கம் போயிற்று. மறுபடி "நாந்தான் கொன்னேன்" வந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வேதத்தைப் படித்துக் காட்டுவேன். ஒரு மத்தியானம் சிலுவைக் கதை வந்தது. இயேசுவுக்குப் பக்கத்தில் அறையப்பட்ட ஒரு கள்ளன், என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். இன்றைக்கே என்னோடு சொர்க்கத்தில் இருப்பாய் என்று அவர் சொல்கிறார். அம்மா பருத்தி விதையைப் பிரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "திரும்ப வாசி" என்றாள். வாசித்தேன்.

"அந்தக் கள்ளன் எப்ப முழுக்கெடுத்தான்?"

"எடுக்கலையேம்மா."

"எதையாச்சும் கழட்டினானா?"

"சிலுவையில கெடக்குறவன் என்னத்தக் கழட்டுவான்?"

மறு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் இருக்கும்போதே எழுந்து நின்று கேட்டுவிட்டாள். பாஸ்டர் ஐயா வேதத்தை மூடினார். "அவனுக்கு நேரமில்லம்மா. உனக்கு நேரம் இருந்துச்சு" என்றார்.

"எனக்கு நேரம் இருந்துச்சுங்கய்யா. தண்ணிதான் இல்ல."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவே இல்லை. பின்னால் கண்மாய் நிறைந்த வருஷங்களிலும் அவர் அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் வாராவாரம் போய் அதே பாயில் உட்கார்ந்தாள், கிண்ணம் தாண்டிப் போவதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் வேதத்தைக் கோபத்தோடு படித்தேன், சண்டைக்கு ஆதாரம் தேடுகிற வக்கீலைப் போல. தேடியது கிடைக்கவே செய்தது. வாயால் அறிக்கை செய், மனதால் நம்பு, இரட்சிக்கப்படுவாய் என்றுதான் எழுதியிருக்கிறது. வனாந்தர வழியில் ரதத்தில் போகிற ஒரு பெரிய அதிகாரி, தண்ணீரைக் கண்டதும் எனக்கு முழுக்குக் கொடுக்க என்ன தடை என்று கேட்கிறான். நம்பினால் தடையில்லை என்று கூட வந்த ஊழியர் உடனே அவனைத் தண்ணீரில் இறக்குகிறார். ராணியின் பொக்கிஷக்காரன், அவன் உடம்பில் எவ்வளவு தங்கம் கிடந்ததோ, யாரும் கேட்கவில்லை. முழுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்பினவளுக்கு அது உரிமை, அவள் எழுதித் தேற வேண்டிய பரீட்சை இல்லை. கொடுத்தவர் இனாமாகக் கொடுத்ததை இடையில் நின்றவர் கூலியாக்கிவிட்டார், அதுவும் கூலிக்காரியிடம்.

எனக்கு இருபத்துநான்கு வயதில் அம்மா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. அந்த வயதில் நான் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் பிள்ளையப் பாப்பேனா?"

"கட்டாயம் பாப்பம்மா."

"நீ சொல்றியா, வேதம் சொல்லுதா?"

"வேதம் சொல்லுது."

நம்பாத வாயால் அதைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. அடுத்த வாரம் போய்விட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. பதின்மூன்று வருஷம் பிந்தி, மாத்திரை அட்டைகள் கிடந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது மதுரையில் இருக்கிறேன். போன மாதம் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். கண்மாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் சபை, பக்கத்தில் டைல்ஸ் ஒட்டிய முழுக்குத் தொட்டி, தேவைப்படும்போது லாரித் தண்ணீர் அடித்துக்கொள்கிறார்களாம். மணப்பெண்ணின் கழுத்தில் ஆரம், மூக்கில் கல் மூக்குத்தி. பாஸ்டர் ஐயாவின் மகன்தான் இப்போது பாஸ்டர். நகைக் கட்டுப்பாடு என்னவாயிற்று என்று அவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் அந்தக் காலங்கக்கா. வேதத்துல அப்படிக் கட்டாயம்னு இல்லையே" என்றார், சாதாரணமாக, ரூட்டு மாறிப்போன பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. கட்டுப்பாடு போய்விட்டது, யாரும் அதற்காக வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

"அய்யா உள்ளதான் படுத்திருக்காக. பாத்துட்டுப் போங்கக்கா" என்றார்.

அம்மாவை ஏன் தள்ளி நிற்கச் சொன்னீர்கள் என்று கேட்டுவிடுவது என்றுதான் உள்ளே போனேன். கட்டிலில் ஒரு துணி மூட்டை அளவுக்கு ஆகியிருந்தார். பேச்சியம்மா மக என்றதும் அடையாளம் தெரிந்தது. கண்மாய்க் கரை அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, சபையில் யாரிடமும் கேட்க முடியாத ஒன்றைக் கேட்டார்.

"ஆண்டவரு என்னைய ஏத்துக்குவாராம்மா? பயமா இருக்கு."

தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும், அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த வேதத்தில் அவருக்கும் இடம் இருக்கிறது. அதில் எனக்கு இன்றுவரை பிடிக்காத இடம் அதுதான்.

"அவரு ஏத்துக்குவாருய்யா" என்றேன். "எனக்குத்தான் இன்னும் மனசு வரல."

கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். பந்தியில் உட்காரச் சொல்லி நாலைந்து பேர் கூப்பிட்டார்கள், சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.