படிவத்தில் இல்லாத கை

இங்கே குளிர்காலத்தில் யாருடைய கையையும் பார்க்க முடிவதில்லை. நோர்வேயின் வடக்கே இந்தச் சின்ன நகரத்துக்குப் படிக்க வந்த முதல் வருடம் எனக்குப் பெரிய புதினமாக இருந்தது அதுதான். பஸ் தரிப்பிடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். பத்துப் பேரின் முகமும் திறந்திருக்கும், ஒருவரின் விரலும் வெளியே தெரியாது. எங்கள் பக்கத்தில் இதற்கு நேர் எதிர். இலங்கையின் கற்பிட்டிக் கரையில், மீனைக் காயவைக்கும் கருவாட்டு வாடிகளில் வேலை செய்யும் பெண்கள் வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து, கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்கத் துணியால் கட்டியிருப்பார்கள். மீனைக் கீறிப் பரப்பும் கைகள்தான் வெளியே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முப்பது பெண்களுக்குள் என் உம்மாவை நான் கையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். யாரும் எங்களுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இதை நான் மறந்ததால் ஒரு தாயும் மகளும் பிரிந்துபோனார்கள். ஊரில் பலருக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்ததில் பாதி பிழை. மீதியை நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் இங்கே படித்தது மல்டிமீடியா கதைசொல்லல். அப்படியொரு படிப்பு இருப்பதை உம்மாவுக்கு விளங்கப்படுத்தவே ஒரு கிழமை எடுத்தது. “வீடியோக்காரியா?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கடைசி வருடத்துக்கான வேலை, புலம்பெயர்ந்த தொழிலாளர்களை நேர்கண்டு ஒரு குறும்படம் செய்வது. வகுப்பில் மற்றவர்கள் இந்த நகரத்து மீன் தொழிற்சாலைக்கும் ஹோட்டலுக்கும் கெமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். எங்கள் கரையில் வீட்டுக்கு ஒருத்தி அரபு நாட்டுக்குப் போய் வந்திருக்கிறாள், அங்கே இல்லாத கதையா என்று எனக்குள் ஒரு மிதப்பு.

எங்கள் ஆசிரியர் ஓலே நல்ல மனிதர். புறப்படுமுன் என் கையில் ஒரு சம்மதப் படிவத்தைத் தந்தார். முகம், குரல், பெயர் என்று மூன்று கட்டங்கள். நேர்காணல் தருபவர் எதற்குச் சம்மதமோ அதில் அடையாளம் போட வேண்டும். அவர் மறுத்ததை நாங்கள் தொடக்கூடாது. “இதுதான் நம் தொழிலின் மரியாதை,” என்றார் ஓலே. எங்கள் ஊரில் யாருக்கு யார் படிவம் கொடுத்தார்கள்? எனக்கு அந்தக் காகிதத்தில் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

கற்பிட்டிக்குப் பக்கத்துப் பள்ளிவாசல்துறையில் நான் தேடிப் போனது பரீதா மாமியை. அவரும் என் உம்மாவும் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரே வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய பிள்ளைகள். கணவர் விட்டுவிட்டுப் போன பிறகு, யுத்தம் முடிந்த கையோடு, எட்டு வயது மகள் றிஸ்னாவைத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்குப் போனார். எட்டு வருடம் அங்கே வீட்டு வேலை. திரும்பி வந்தபோது பள்ளிவாசல்துறையில் அவருக்கொரு கல்வீடு இருந்தது. நான் போன நேரம் றிஸ்னா பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாமி படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். “முகம் வேணாம் மகள். குரலும் வேணாம். பேரும் வேணாம்.”

“அப்ப மிச்சம் என்ன மாமி?”

“மிச்சத்த நீ எடு,” என்று சிரித்தார்.

றிஸ்னா வகுப்புக்குப் போயிருந்தாள். சத்தம் பதிவாகுமென்று மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். அந்தப் புழுக்கத்துக்குள் மாமி இரண்டு மணித்தியாலம் கதைத்தார். இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு, உடுப்பு தேய்க்கும் அயனின் முனை மாதிரியே கூராக. மூன்றாவது வருடம், ஒரு கல்யாணத்துக்குப் போடவிருந்த உடுப்பின் கழுத்துப் பட்டி அயனில் கருகிவிட்டதாம். வீட்டு மேடம் அயனை வாங்கி மாமியின் கையில் வைத்து அழுத்தினாளாம்.

“சத்தம் போட்டா மத்தக் கையும் எண்டா. நான் சத்தம் போடல்ல,” என்றார் மாமி.

“அதுக்குப் பிறகும் அஞ்சு வருஷம் இருந்தீங்களா?”

“அப்ப இந்த வீட்டுக்குக் கூரை ஏறல்ல மகள். புள்ள படிக்கிறா. நான் எப்படி வார?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “றிஸ்னாக்கு இது எண்ணெய் தெறிச்சதெண்டுதான் தெரியும். அவ அப்படியே நெனச்சிட்டு இரிக்கட்டும்.”

நான் தலையாட்டினேன். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினேன்.

நேர்காணல் முடிந்ததும் ‘ரூம் டோன்’ எடுக்க வேண்டும். யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவது. எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். “இப்ப நான் என்ன செய்யணும்?” என்றார் மாமி. ஒன்றும் வேண்டாம், சும்மா இருங்கள் என்றேன். “சும்மா இரிக்கத்தான் எனக்குத் தெரியாது,” என்றார். ஆனாலும் இருந்தார். வலது கைப் பெருவிரல் அந்தத் தழும்பை மூடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் கேட்டது. அரை நிமிடம் போல் ஆனதும் பெருவிரல் தானாக விலகியது. நான் கெமராவை இறக்கி அந்தக் கைகளை க்ளோசப்பில் எடுத்தேன்.

படத்தில் மாமி கேட்டதெல்லாம் காப்பாற்றப்பட்டது. முகம் இல்லை. பெயர் இல்லை. அவர் சொன்னதை இங்கே படிக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி தன் குரலில் தமிழில் வாசித்தாள். முழுப் படத்திலும் கைகள்தான். வகுப்பில் விளக்கைப் போட்டபோது ஓலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அன்றைக்கே என் ஃபேஸ்புக்கில் படத்தைப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை, நானேதான் போட்டேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். நான் அதைக் கண்ணாடி வைத்துப் பெருப்பித்து ஊருக்கே காட்டியிருக்கிறேன்.

நான்காம் நாள் றிஸ்னாவிடமிருந்து ஒரு வரி வந்தது. “ராத்தா, இது எங்கட உம்மாட கைதானே?”

கட்டாரில் இருக்கும் எங்களூர்ப் பொடியன் ஒருவன் படத்தைப் பகிர்ந்து, அது சுற்றிச் சுழன்று அவளுடைய வகுப்புத் தோழியின் போனுக்குப் போயிருந்தது. இல்லை என்று எழுதினேன், அழித்தேன். வேறொரு ஆள் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். நான் எழுதுவதும் நிறுத்துவதும் அவளுடைய திரையில் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். கடைசியில் அவளே எழுதினாள்: “பெருநாளைக்கு உடுப்பு வரல்லயெண்டு நான் போன்ல அவக்கு ஏசினன் ராத்தா. அந்தக் கையாலதான் போனைப் புடிச்சிட்டு இருந்திருப்பா.”

என் பக்கத்திலிருந்து படத்தை அழித்துவிட்டு, ஓடிப்போய் ஓலேயிடம் கல்லூரியின் இணையதளத்திலிருந்தும் அதை நீக்க வேண்டும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. “முகமே இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது?” என்று கேட்டார். எங்கள் ஊரில் கைதான் முகம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்த வரியைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “அழகான வரி. இதையே தலைப்பாக வையேன்,” என்று எழுந்துபோய் அதைப் பலகையில் எழுதினார். என் இழவு அவருக்கு ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்தது. அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. அவருடைய ஊரில் மூன்று கட்டம் போதும். கைக்கு ஒரு கட்டம் வேண்டுமென்று தெரிந்திருக்க வேண்டியவள் நான். கெமராவைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனபோது நான் ஓலேயின் ஊர்க்காரியாகத்தான் போயிருக்கிறேன்.

கல்லூரியிலும் படத்தை நீக்கிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, போனுக்கும் இல்லை. வாடியில் வேலை செய்யும் பெண்கள் மாமியைக் கண்டால் இரக்கத்தோடு கையைப் பிடித்துப் பார்க்கிறார்களாம். மாமி சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். றிஸ்னா பரீட்சை எழுதவில்லை. புத்தளம் டவுனில் தன்னை வளர்த்த சாச்சி வீட்டுக்குப் போய் ஒரு உடுப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். “அந்த வீட்டுல எனக்குப் படுக்க ஏலாது ராத்தா. மேல பாத்தா கூரைதான் தெரியுது,” என்று எழுதினாள். எந்தக் கூரைக்காக மாமி அந்த ஐந்து வருடத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாரோ, அதன் கீழே இப்போது அவர் மட்டும் இருக்கிறார். நான் மாமியை எத்தனையோ தரம் அழைத்தேன். எடுக்கவில்லை.

போன கிழமை ஒரு காலையில், பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமியின் குரல் பதிவு ஒன்று வந்தது. கையுறையோடு தொட்டால் என் போன் அசையாது. வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுக் கேட்டேன். பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம்.

“மகள், சுகமா இரிக்கிறியா? அங்க குளிராமே, உம்மா சொன்னா. உனக்கு நல்ல மார்க் தந்தாங்களா? நீ யோசிக்காத. நீ சொன்ன மாதிரி முகமும் வரல்ல, குரலும் வரல்ல. உன்னில பிழையில்ல. நான்தான் கைய மறைக்க மறந்துட்டன்.”

பதில் சொல்வதற்காகப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. விரல் உணர்ச்சியற்றுத் தானாக விலகியபோது பதிவு போய்விட்டது. ஒரு நிமிடம், அதில் ஒரு சொல்லும் இல்லை, இந்த ஊர்க் காற்று மட்டும். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல அடையாளங்கள் விழுந்தன, மைக் குறியும் நீலமானது. பள்ளிவாசல்துறையில் மாமி அதைக் கேட்டுவிட்டார். என் வலது கை மரத்துப்போயிருந்தது. இடது கை உறைக்குள் சூடாகவே இருந்தது.