ஜீப்புக்கு அடியில் பிடித்த கை

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இரும்பு கேட் அடித்துக் கொடுத்தவன் நான். மூன்று நாள் வேலை. மத்தியானம் ஒரு கல்லறைமேல் சோற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுவிட்டு அதன்மேலேயே காலை நீட்டித் தூங்கியிருக்கிறேன், எறும்பைத் தவிர எதுவும் என்னைத் தேடி வந்ததில்லை. பேய் பிடித்தது, காற்று அடித்தது என்று கடைக்கு வந்து யாராவது பேசினால் இரும்பு அறுக்கிற கிரைண்டரை ஓடவிட்டு அந்தப் பேச்சையே கேட்காமல் ஆக்கிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதை நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் ஏழுமலை. மரக்காணத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். பெர்னார்டு என்னோடு பத்தாவது வரை படித்தவன், பொம்மையார்பாளையத்தில் ஹார்டுவேர் கடை. அவனுக்கு ஒரு பழைய ஜீப், அதை எடுத்துக்கொண்டு சேறு, மணல், பள்ளம் என்று ஓட்டுவதில் பைத்தியம். நடுக்காட்டில் உடைந்தால் என்ன செய்வது என்று கேட்டான். நான்தான் இஞ்சின் பக்கத்தில் இன்னொரு ஆல்டர்னேட்டர் பொருத்தி, அதிலிருந்து கரண்ட் எடுத்து அங்கேயே வெல்டிங் வைக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். இஞ்சின் ஓடினால் போதும், வெல்டிங் மிஷின் தயார். கடையில் இரண்டு தடவை சோதித்தோம், நன்றாக வேலை செய்தது. நிஜமாக ஒரு முறை வெளியே கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவன் வந்ததும் கிளம்பினோம்.

உப்பளங்களைத் தாண்டி, கழுவெளி ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிற வாய்க்கால் ஓரமாக இறங்கி ஓட்டினான். கொஞ்ச தூரம்தான். ஒரு பள்ளத்தில் பின்பக்கம் 'டங்' என்று உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்து வைக்கிற பிராக்கெட் பிய்ந்து தொங்குகிறது. அதைப் போன வருஷம் வெல்டிங் வைத்ததும் நான்தான். பெர்னார்டு குனிந்து அந்தப் பழைய வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தான். அதுதான் எனக்கு உறைத்தது.

அப்போது மணி ஒன்று இருக்கும். உச்சி வெயில். விடியற்காலையில் வந்த உப்பளத்து ஆட்கள் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். சுற்றிலும் பாத்தி பாத்தியாக வெள்ளை, கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. மூன்று மணிக்குமேல் கடல் ஏறும், ஏறினால் வாய்க்கால் நிரம்பி நாங்கள் நிற்கிற இடத்தில் முழங்கால் தண்ணீர் வரும். உப்புத் தண்ணீரில் ஒருநாள் கிடந்தால் அந்த ஜீப்பை எடைக்குத்தான் போடவேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரத்தைக் கழற்றினோம். பட்டையின் போல்ட்டைப் பிரித்து பிராக்கெட்டைத் தனியாக எடுத்தேன், மூன்று நான்கு கிலோ இருக்கும். அதை சேசிஸில் அழுத்திப் பிடிக்க கிளாம்ப் ஒன்று இருந்தால் ஆளே வேண்டாம், அதைக் கடையிலேயே மறந்துவிட்டேன். அதனால் நான் அடியில் மல்லாந்து படுத்தேன், பெர்னார்டு வெளியே குப்புறப் படுத்து, சக்கரம் இருந்த இடைவெளி வழியாக இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தான். என் பக்கம் அவன் கை மட்டும்தான் தெரியும். முகத்தில் வெல்டிங் மாஸ்க்கை இறக்கினால் அதுவும் தெரியாது, பொறி பற்றினால்தான் அந்த வெளிச்சத்தில் இரும்பும் பக்கத்தில் கையும் தெரியும்.

முதல் வெல்டிங் ராடு பற்றாமல் இரும்பில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பற்றியது, ஆனால் பொறி ஒன்று பெர்னார்டின் சட்டைக் கைக்குள் விழ அவன் உதறினான், பிராக்கெட் என் தோள்மேல் விழுந்தது. இஞ்சின் சத்தத்தில் அவன் ஏதோ கத்தினான். நான் தலையாட்டினேன். வேறு ராடு போட்டுக்கொண்டு, மாஸ்க்கை இறக்கி, பிராக்கெட்டைத் தூக்கி வைத்து, "புடி" என்றேன்.

பிடித்தான். பாரம் என் கையைவிட்டுப் போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ராடை வைத்தேன். பற்றியது. அந்த வெளிச்சத்தில் கையைப் பார்த்தேன், கிளவுஸ் இல்லை. "டேய், கிளவுஸ் போடுடா, வெந்துடும்" என்றேன். கை விலகவில்லை. "கொஞ்சம் கீழ எறக்கு" என்றேன். இறங்கியது. "போதும்" என்றேன், நின்றது. ஒரு நடுக்கம் இல்லை. தீப்பொறி அந்தப் புறங்கைமேல் கொட்டுகிறது, அப்படியே கிடந்து அணைகிறது, கை அசையவில்லை. தோல் முழுக்க வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது, உப்பளத்து ஆட்களுக்கு உப்பு வாரி வாரி வெடிக்குமே, அப்படி. பெர்னார்டு கை ஆணி எண்ணிக் கொடுக்கிற கை, அது இப்படி இருக்காதே என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் வெல்டிங் பாதியில் இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியாது. மூன்று ராடு முடித்தேன். மாஸ்க்கைத் தூக்கினேன்.

இடைவெளியில் யாரும் இல்லை. வெள்ளை வெயில் மட்டும்.

ஊர்ந்து வெளியே வந்தேன். பெர்னார்டின் கிளவுஸ் இரண்டும் பானெட்மேல் கிடந்தது. அவன் தூரத்தில், உப்பளத்து மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வரப்புமேல் மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

"எங்கடா போன?"

"தண்ணி காலியாயிடுச்சி, எடுத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் இருன்னு சொல்லிட்டுதான போனேன். நீயும் தலையாட்டுன."

"அப்ப யார்ரா புடிச்சது?"

அவன் குனிந்து பிராக்கெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நீயே ஒரு கையால புடிச்சிகிட்டு வெச்சிருப்ப. வெயிலு உனக்கு மண்டைக்கு ஏறிடுச்சி. வாடா, தண்ணி ஏறப்போவுது."

பட்டையை மாட்டினோம், சக்கரத்தை மாட்டினோம், கிளம்பினோம். ரோட்டுக்கு வரும்வரை நான் பின்னால் திரும்பவில்லை. அன்றைக்கே கடையில் அதே எடையில் ஓர் இரும்பை எடுத்து, மல்லாந்து படுத்து ஒரு கையால் பிடித்து ஒரு கையால் வெல்டிங் வைத்துப் பார்த்தேன். நான்கு தடவை. நான்கு தடவையும் நெஞ்சில் விழுந்தது.

பிறகு தூக்கம் சரியாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரி கேட்டாள், கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு மாதம் கழித்து பெர்னார்டு ஜீப்பைக் கொண்டு வந்தான். அந்த இடத்தில் சேசிஸே அரித்துவிட்டது, பிராக்கெட்டை வெட்டியெடுத்துவிட்டு புதுத் தகடு வைக்கவேண்டும். கட்டை கொடுத்து நிறுத்தி, பட்டையைக் கழற்றி, கிரைண்டரால் வெல்டிங்கைச் சுற்றிலும் அறுத்தேன். நாலு பக்கமும் அறுத்தாயிற்று. பிராக்கெட் விழவில்லை. ஹாக்சா பிளேடை இடையில் விட்டுப் பார்த்தேன், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையில்லாமல் போய்வந்தது. அப்போதும் விழவில்லை.

"துரு புடிச்சி நிக்கிது, சுத்தியால தட்டு" என்றான் பெர்னார்டு. போன் வர, எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

சுத்தியலை எடுத்தேன், தட்ட மனம் வரவில்லை. எங்கள் வேலையில் ஒன்று உண்டு. வெல்டிங் வைக்கிறவன் 'விடு' என்று சொல்லாமல், பிடித்திருக்கிறவன் விடக்கூடாது. கை வெந்தாலும் விடக்கூடாது. அன்றைக்கு நான் மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்ததோடு சரி, எழுந்து வந்துவிட்டேன். 'விடு' என்று சொல்லவே இல்லை.

ஜீப்புக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பெர்னார்டு யாருடனோ சிமெண்ட் விலை பேசிக்கொண்டிருந்தான். நான் மெதுவாகச் சொன்னேன். "போதும்ங்க. விடுங்க."

இரண்டடி உயரத்திலிருந்து மூன்று நான்கு கிலோ இரும்பு சிமெண்ட் தரையில் விழுந்தால் பக்கத்துக் கடைவரைக்கும் கேட்கும். தினமும் கேட்கிற சத்தம் அது. பிராக்கெட் என் காலுக்கு நடுவில் தரையில் நேராக நின்றுகொண்டிருந்தது.

பெர்னார்டு போனை வைத்துவிட்டு உள்ளே வந்தான். குனிந்து பார்த்தான்.

"எப்படா எடுத்த? சத்தமே கேக்கல?"

எனக்கும் கேட்கவில்லை.