சாயத்தொட்டிக் கோடும் மேடத்தின் பவளமும்

காலையில் மீன்தொட்டிக் குழுவில் ஒருவர் படம் போட்டுப் புலம்பியிருந்தார். "புதுசா வாங்கின பவளம் சுருங்கிக்கிட்டே போகுது, என்ன பண்றதுன்னே தெரியல!"

படத்தைப் பார்த்ததும், என் கையில் சுருங்கிய ஒரு பவளம் ஞாபகம் வந்தது.

(அங்கே கமெண்ட் போடக் கூச்சம். அதனால் என் பக்கத்திலேயே எழுதுகிறேன்.)

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் பி.எஸ்சி. விலங்கியல், கடைசி வருடம். வீடு ஜலகண்டாபுரம். நூலுக்குச் சாயம் போடும் குடும்பம். அதில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரைக்குக் கல்விச் சுற்றுலா போனபோது, எங்கள் மேடம் ஒரு மென்பவளத்தை உயிரோடு கொண்டுவந்தார். கல்லில் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாகக் கிளைத்திருக்கும். நன்றாக இருந்தால் உடம்பெல்லாம் எள்ளளவு பூக்கள் விரியும். பயந்தால் அத்தனையும் உள்ளே போய் வழவழவென்று ஆகிவிடும்.

(இன்று அதைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். அன்று யாரும் கேட்கவில்லை.)

கோடை விடுமுறையில் ஆய்வகத்தைப் பூட்டி மெயினையும் அணைத்துவிடுவார்கள். தொட்டிக்குக் காற்று போகாது. மேடமும் ஊருக்குப் போக வேண்டும். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் நின்றார்.

"நீ எடுத்துட்டுப் போ. ஜூன்ல உயிரோட திருப்பிக் குடு."

"நானா மேடம்?"

"நீ வாயே திறக்கிறதில்ல. ஆனா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கே. இதுக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்."

மூன்று வருடத்தில் ஒருவர் என்னைக் கவனித்திருக்கிறார்! சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

கண்ணாடித் தொட்டி, பம்ப், பவளம் இருந்த தூக்குப்போசி எல்லாம் நூல் மூட்டை வண்டியில் ஏறி ஊர் வந்தன.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி, பவளம்னா செவப்பா இருக்கோணுமல்லோ? இதென்ன மரவள்ளிக் கெழங்காட்டம் இருக்குது?"

"இது வேற பவளம்மா."

"உங்க மேடத்தை எவனோ ஏமாத்திப்போட்டான்."

ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்தேன். மூன்று நாள் அசைவில்லை. நான்காம் நாள் நாலைந்து பூக்கள் எட்டிப் பார்த்தன. அதோடு சரி.

சித்திரை வெயில். தொட்டித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு விரல்கடை குறைந்தது. என் மாமா தூத்துக்குடியிலிருந்து மேட்டூருக்கு உப்பு லோடு அடிக்கும் லாரி ஓட்டுநர். அவரிடம் சொன்னதும் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்து இறங்கியது.

குறையக் குறைய அதையே ஊற்றினேன். கடலில் பிறந்ததற்குக் கடல் தண்ணீர்தான் என்று ஒரு வைராக்கியம்!

பவளம் மறுபடி மூடிக்கொண்டது. பிறகு சுருங்கியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

(நான் என்ன செய்தேன்? இன்னும் கொஞ்சம் கடல் தண்ணீர் ஊற்றினேன்.)

அண்ணன் வந்து பார்த்தான். "செத்துப்போச்சுன்னாச் சொல்லு அம்மிணி. நல்ல செவப்புல முக்கி எடுத்துத் தாரேன். உங்க மேடத்துக்கும் சந்தோசம், அம்மாளுக்கும் சந்தோசம்."

சிரிப்பு வரவில்லை. நம்பிக் கொடுத்தவரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? இன்லண்ட் லெட்டர் ஒன்றை எடுத்து 'மன்னிக்கவும் மேடம்' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

மறுநாள் காலை. அண்ணன் சாயப் பட்டறையில் கொதிக்கும் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். தொட்டியின் உள்பக்கம் ஆணியால் கீறிய ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் விட்டான். விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

அதே வெள்ளை என் கண்ணாடித் தொட்டியிலும் இருந்தது. அழுக்கு என்று தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன்!

"அண்ணா, அது உப்புப் போட்ட சாயந்தானே? கொறைஞ்சதுக்கு ஏன் வெறுந்தண்ணி ஊத்தறே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு எங்க போவும்? லாரி புடிச்சுத் தூத்துக்குடிக்கா? உப்புத் தண்ணியவே ஊத்திக்கிட்டிருந்தா நூலு என்னத்துக்கு ஆவும்?"

கொஞ்சம் நிறுத்தி, குரலில் பணிவைக் கூட்டிக்கொண்டான். "ஏனுங்க பி.எஸ்சி., இதெல்லாம் உங்க புஸ்தகத்துல இல்லீங்களா?"

இருந்தது! பள்ளிக்கூடத்திலேயே இருந்தது! அந்தத் தொட்டி ஆவியில்தான் நான் வளர்ந்தேன்!

இத்தனை நாளும் மேடத்தின் பவளத்தை ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு குடம் நல்ல தண்ணீரை அப்படியே கவிழ்க்கக் கை பரபரத்தது. ஆனால் திடீரென்று மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போகட்டும் என்று ஒருநாள் மூடாமல் வைத்தேன். பிறகு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் நல்ல தண்ணீர். காலை, மதியம், சாயங்காலம். வேறு எதையும் தொடவில்லை.

அண்ணன் மூட்டைக்கு நம்பர் போடும் சிவப்புப் பெயிண்டை எடுத்து வந்து கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தான். "எப்பவும் இந்தக் கோட்டுல நிக்கோணும். கொறைஞ்சா வெறுந்தண்ணி. தெரிஞ்சுதுங்களா?"

நான்காம் நாள் சாய்ந்திருந்தது நிமிர்ந்தது.

ஆறாம் நாள் மேல்தோல் மெல்லிய சவ்வாக உரிந்து மிதந்தது. போச்சு என்று நினைத்தேன்!

மறுநாள் மதியம், கூரைக் கண்ணாடி வெயிலில், உடம்பு முழுக்கப் பூ. ஒரு விரல் பாக்கி இல்லை. கழன்றது பழைய தோல்தான்.

அப்பாடா! இன்லண்ட் லெட்டர் அடுப்புக்குப் போனது.

ஜூனில் மேடம் எங்கள் வீட்டுக்கே வந்தார். தொட்டி முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன செவப்புக் கோடு?"

வகுப்பில் ஒருநாளும் பதில் சொல்லாத நான் அன்று மூச்சு விடாமல் பேசினேன். கடல் தண்ணீர், வெள்ளைப் படிவு, ஊறுகாய் என்று எதையும் மறைக்கவில்லை.

மேடம் முழுக்கக் கேட்டார். "வைவாவுல இதுல பாதி பேசியிருக்கலாம்ல?"

வெட்கமாகிவிட்டது. "கோட்டை அழிச்சுத் தரட்டுங்களா மேடம்?"

"வேண்டாம், இருக்கட்டும். லேப்லயும் வேணும்."

காப்பியோடு வந்த அம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க, அழிக்காம உடுங்க. அதுலயாவது கொஞ்சம் செவப்பு இருக்கட்டும்!"

காலையில் படம் போட்டவரே, இதைப் படிக்கிறீர்களா? உங்கள் தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா?