துரைக்கண்ணு வைத்த டைமிங்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நான் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கார் பாயின்ட் கேட்டு ஒரு பெண் என் கடைப்படி ஏறியது ஒரே ஒரு தடவைதான். பாயின்ட் என்பது எஞ்சினில் தீப்பொறி விழவைக்கிற சின்ன சாமான். பழைய கார்களுக்கு மட்டும்தான் வேண்டும். அதை இப்போது யாரும் கேட்பதில்லை.

"யாரு மாட்டப்போறது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"மெக்கானிக் வேலையெல்லாம் எப்பம்மா கத்துக்கினே?"

"வண்டிய தள்ளித் தள்ளி இடுப்பு ஒடஞ்சா எல்லாம் தானா வந்துடும். சாமான் இருந்தா குடுங்கண்ணே, பேச்சு வேணாம்."

எனக்கு வாய்க்கு வாய் பேசுகிறவர்களைப் பிடிக்கும். பெட்டிகளைக் குடைந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் அவள் யாரென்று கேட்டேன். பிரம்மதேசம் துரைக்கண்ணுவின் மனைவி தையல்நாயகி என்றதும் கிண்டல் செய்ததற்கு வெட்கமாகிவிட்டது.

துரைக்கண்ணுவை எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூற்றேழாம் வருடத்து மாருதி ஒன்றை வைத்து வாடகைக்கு ஓட்டிய ஆள். கடை வாசலில் எந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தாலும் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். "ஜெகதீசா, இந்த வண்டிக்காரன் வூடு போய் சேர மாட்டான்" என்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. விழுப்புரத்தில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நாம் பேசுவதும் இவருக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார். மகள் கலைப்பிரியா அதை நம்பினாள். தையல்நாயகி நம்பவில்லை.

கண்டாச்சிபுரம் பக்கத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டு, மல்லாட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலைக் கொல்லையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். கணவரைப் பஸ்ஸில் தூக்கி ஏற்ற முடியாது. உடற்பயிற்சிக்கு விழுப்புரம் போயே ஆகவேண்டும். அதனால் நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள். சிரித்தார்களாம். முதல் தடவையே லைசென்ஸ் வாங்கியவள் இவள்தான்.

லைசென்ஸ் வந்தது, வண்டி வரவில்லை. சாவியைத் திருகினால் முனகும், பிடிக்காது. முதல் நான்கு நாள் தெரு ஆண்கள் தள்ளிவிட்டார்கள். ஐந்தாம் நாள் அந்த முனகல் கேட்டதுமே கேட்டுகளைச் சாத்திக்கொண்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது. நான் அந்தத் தெருவில் இருந்திருந்தாலும் சாத்தியிருப்பேன், அது வேறு விஷயம். ஆளைத் தூக்கியும் வண்டியைத் தள்ளியும் அவளுக்கு முதுகெலும்பில் ஜவ்வு விலகி, இனி எடை தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பாயின்ட் வாங்கிய அடுத்த வாரம் ஒரு தூக்கு நிறைய வேகவைத்த மல்லாட்டையோடு வந்து நின்றாள். முகமே வேறாக இருந்தது.

"ஸ்டார்ட் ஆய்டுச்சிண்ணே. அவருதான் டைமிங் வெச்சாரு."

பொறி விழும் நேரம் முந்தினாலும் பிந்தினாலும் எஞ்சின் சுலபத்தில் பிடிக்காது. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கிண்ணத்தின் போல்ட்டைத் தளர்த்தி, துளித்துளியாகத் திருப்பித்தான் அதைச் சரிசெய்வோம். அவள் கணவரை நாற்காலியில் வண்டிக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, கொஞ்சம் திருப்புவதும் ஓடிப்போய்ச் சாவி போடுவதுமாக இருந்திருக்கிறாள். மடியில் கிடந்த அவருடைய இடது கை எழும்பி, பாட்டில் மூடியைத் திறப்பது போல ஒரு பக்கமாகத் திரும்பியதாம். அதே பக்கம் இவளும் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"சத்தத்த கேட்டுத்தாண்ணே கைய திருப்புனாரு. உள்ள எல்லாம் அப்படியே இருக்குது. வெளிய வரத்தான் வழியில்ல."

சொல்லும்போதே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

பிறகுதான் விஷயம் வந்தது. விழுப்புரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கலைப்பிரியா இடம் பேசி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மகளையும் குறை சொல்ல முடியாது. அம்மாவின் முதுகு மொத்தமாகப் போனால் அவள்தானே இரண்டு பேரையும் பார்க்கவேண்டும்? 'எதுவும் புரியாத மனுசன எங்க வெச்சா இன்னாம்மா' என்பதுதான் அவள் கேள்வி.

"புரியுதுன்னு காட்டிட்டா கூட்டிக்கினு போவாளா? சொல்லுங்க."

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு மல்லாட்டையை உரித்துத் தின்றிருக்கலாம். எங்கே முடிகிறது? கடையில் டைமிங் லைட் ஒன்று பல வருடமாகத் தூங்குகிறது. முதல் பிளக்கின் வயரில் மாட்டினால் பொறி விழும்போதெல்லாம் மின்னும். அந்த வெளிச்சத்தில், சுற்றுகிற சக்கரத்தில் இருக்கிற கோடு நின்றதுபோலத் தெரியும். பக்கத்தில் அசையாமல் இருக்கிற குறிக்கு நேரே அந்தக் கோடு நின்றால் டைமிங் சரி. "நானே எடுத்துக்கினு வர்றேன். கோடு நின்னுச்சின்னா உம்பொண்ணு என்ன, டாக்டரே ஒண்ணும் பேச முடியாது" என்றேன்.

"பாக்க மட்டுந்தான். அவரு வெச்சத மாத்தக்கூடாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். துரைக்கண்ணு வண்டிக்கு எதிரே சட்டைப் பொத்தான் போட்டு, தலைசீவி உட்கார்ந்திருந்தார். "அண்ணே, ஜெகதீசன் வந்திருக்கேன்" என்றேன். கண் என்மேல் பட்டு, அப்படியே தாண்டிப் போனது. அவருடைய இடது கை திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது வண்டியை யாரும் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. நான் அதைப் பார்த்தேன். வணக்கம் சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எஞ்சின் பக்கத்தில் சக்கரத்தைப் பார்க்க ஒரு ஓட்டை உண்டு; அதன் ரப்பர் மூடியைக் கழற்றியதும், உள்ளே இருந்த சக்கரத்தைக் கையால் சுற்றிக் கோட்டைத் தேடினோம். அது நன்றாகத் தெரியட்டும் என்று தையல்நாயகியே விரலில் சுண்ணாம்பு தொட்டுப் பூசினாள். மூன்றாவது சாவிக்கு வண்டி பிடித்தது. வெயிலில் மின்னல் தெரியாது என்பதால் திறந்த பானெட்டின்மேல் தார்ப்பாயைப் போட்டு, அவளும் நானும் தலையை உள்ளே விட்டோம்.

லைட் மின்னியது. கறுப்புச் சக்கரம் மட்டும் தெரிந்தது. வெள்ளைக் கோடு அந்த ஓட்டைக்குள் எங்கேயும் இல்லை. ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசம் என்றால் சமாளித்திருக்கலாம். இது எங்கேயோ கிடந்தது. புது பாயின்ட் போட்ட தெம்பில் வண்டி எப்படியோ பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

"சரியாத்தாம்மா இருக்குது" என்றேன்.

"கோட்டக் காணமேண்ணே."

"சுண்ணாம்பு அழிஞ்சிருக்கும்."

அவள் இன்னும் குனிந்து அந்த ஓட்டையையே உற்றுப் பார்த்தாள். பிறகு, "கோடு வர்ற வரைக்கும் திருப்புங்க" என்றாள்.

போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தைத் திருப்பினேன். நிறையத் திருப்பவேண்டியிருந்தது. வெள்ளைக் கோடு ஓரத்தில் எட்டிப் பார்த்து, நகர்ந்து, குறிக்கு நேரே வந்து நின்றது. முக்கிக்கொண்டிருந்த எஞ்சின் சீராக ஓட ஆரம்பித்தது. குழந்தைக்குக்கூட அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

தையல்நாயகி தார்ப்பாயிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். "ஏங்க, இதானே? இதானே சரி? போதுமா?" என்று கணவரிடம் கத்திக் கேட்டாள். அவர் கை திரும்பியது. முன்பு திரும்பிய அதே பக்கம், அதே வேகம்.

அவள் போய் எஞ்சினை அணைத்தாள். தெருவே அமைதியானது. கை திரும்பிக்கொண்டே இருந்தது.

அவர் முன்னால் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விட்டதும் அது மறுபடியும் தொடங்கியது. நான் லைட்டைச் சுற்றிப் பையில் போட்டேன். அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை மதியம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அவரு வெச்ச எடத்துலயே திருப்பி வெச்சுடலாமா? சரியா இல்லன்னாலும் பரவால்ல. ஸ்டார்ட் ஆவலன்னாலும் பரவால்ல."

கிண்ணத்தைத் தளர்த்துவதற்கு முன் பழைய இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போடவேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வதே அதுதான். நான் போடவில்லை. கோடு காணாமல்போன அதிர்ச்சியில் மறந்துவிட்டேன். அவர் வைத்த இடம் எது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

"அடையாளம் வெக்கலம்மா" என்றேன்.

"ஓ" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனசு கேட்கவில்லை, போனேன். கலைப்பிரியா அப்பாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, துணி மூட்டையைப் பக்கத்தில் வைத்தாள். அவளும்தான் அழுதுகொண்டிருந்தாள். தையல்நாயகி டிரைவர் சீட்டில் ஏறி ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். தள்ளக் கூப்பிடுவார்களோ என்று தெருவில் இரண்டு பேர் வீட்டுக்குள் போனார்கள். வண்டி பிடிக்கக் கூடாது என்று நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

அவள் சாவியைத் திருகினாள். தொட்டதும் பிடித்துக்கொண்டது.