ஒபேலியாவின் மூன்று விரல்கள்

ஒபேலியாவின் வலது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் எங்கள் ஊர் மாட்டிறைச்சி ஆலையின் ரம்பம் எடுத்துக்கொண்டது. நெப்ராஸ்காவில் ஸ்பானிஷ் பேசும் எங்கள் ஆட்கள் பாதிப்பேருக்கு அங்கேதான் பிழைப்பு. அதற்கப்புறம் ஒன்றாம் வகுப்புக்கு உதவி டீச்சராக வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பவன் நான்.

வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒலிக்கு ஒரு விரலாகக் கட்டைவிரலில் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வார்த்தையாக இழுக்க வேண்டும். நான்கு ஒலிக்கு நான்கு விரல் என்று புத்தகத்தில் படமே இருக்கிறது. ஒபேலியாவுக்கு இடது கையில் எழுத்து அட்டை. வலது கையில் சுட்டுவிரல், நடுவிரல், மறுபடி சுட்டுவிரல், நடுவிரல். “ஸ்... ட்... ஆ... ப். ஸ்டாப்!”

பிள்ளைகள் பார்த்ததைத்தானே செய்யும்? பதினெட்டும் கடைசி இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு தட்டின.

“மிஸ், ஒங்க ரெண்டு வெரலும் எப்ப மொளைக்கும்?” என்று யாரெட்சி என்ற பிள்ளை ஒருநாள் கேட்டாள்.

“நீ ஒரு பக்கம் முழுசாப் படிக்கிற அன்னிக்கு.”

படித்தாள். படித்துவிட்டு, “ஏமாத்திட்டீங்க மிஸ்” என்று அழுதாள்.

மே மாதம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வகுப்பைப் பார்வையிட வந்தாள். ஒபேலியாவுக்கு அடுத்த வருடமும் வேலை உண்டா என்பது அவள் எழுதுவதைப் பொறுத்தது. பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். அந்த அம்மாள் அவர்கள் தட்டும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் ஒபேலியாவைக் கூப்பிட்டபோது அவர் அறையில் நான் குப்பை அள்ளிக்கொண்டிருந்தேன்.

“புத்தகத்துல இருக்கிறபடி இல்லியே ஒபேலியா. எல்லா வகுப்பும் ஒரே மாதிரி செய்யணும்.”

“படிக்குதுங்களே சார்.”

“படிக்குதுங்க. அது புத்தகத்தால. முறை தப்பு.”

என் வாய் சும்மா இருக்குமா? “அப்ப அந்த ரெண்டு வெரல ஆலையில கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

“நீ குப்பைய எடு, நிக்கனோர்.”

அடுத்த வருடத்துக்கு வேலை இல்லை என்றார்கள். ஜூனில் ஆலைக்கே திரும்பினாள். வேறு எதுவும் கிடைக்கவில்லை. நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அங்கே ஒரு தாளை நீட்டினார்கள், முழுக்க ஆங்கிலம். முன்னே சேர்ந்தபோது ஒரு எழுத்தும் புரியாமல் கையெழுத்துப் போட்டவள். இந்த இரண்டு வருடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் தேறியிருந்தாள். நின்று நிதானமாகக் கடைசிவரை படித்தாள்.

“அடிபட்டா கோர்ட்டுக்குப் போகமாட்டேன்னு போட்ருக்குண்ணே. அப்பவும் இதேதான் இருந்திருக்கும்.”

“போடாத. வா, போலாம்.”

“எங்க?”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.