மருந்து போடாத நான்கு நாட்கள்

போன மாதம் மலைக்குக் கீழே நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். ஊராட்சிகளில் குடிதண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கான கூட்டம் அது. வந்தவர்களில் பாதிப் பேர் புதியவர்கள். எப்போது சாப்பாடு போடுவார்கள், எப்போது பஸ் ஏறலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் என் நோட்டை உயரத் தூக்கிக் காட்டினார். தினமும் தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட்டேன், எத்தனை மணிக்குப் போட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டு.

“பதிமூணு வருஷம், ஒரு நாள் விடலை பாருங்க. நிரந்தர வேலை இல்லை, சம்பளமும் சொல்லிக்கிற மாதிரி இல்லை. ஆனாலும் இவருக்கு வேலையில இப்படி ஒரு பிடிப்பு எப்படி வந்துச்சு? நீங்களே சொல்லுங்க” என்று மைக்கை என் கையில் திணித்தார்.

நான் என்னத்தைச் சொல்ல? “வேலைன்னா வேலைங்க. அவ்வளவுதாங்க” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறியதும் துண்டை மடித்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அது நழுவிக்கொண்டே இருந்தது.

அந்த நோட்டில் நான்கு நாட்கள் பொய். எந்த நான்கு நாட்கள் என்பது எனக்குத் தெரியும். நோட்டில் பொய் இருப்பது இன்னொருவருக்கும் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்ததிலும் ஒரு பொய் கலந்திருக்கிறது. அதுவும் நான் கலந்ததுதான்.

எங்கள் ஊர் மலைமேல், வளப்பூர் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தில், இருபத்துச் சொச்சம் வீடுகள் உள்ள சிறிய ஊர். பள்ளத்தில் ஒரு திறந்த கிணறு, மேட்டில் தொட்டி. காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீரை ஏற்றுவது, பவுடரை வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு கீழே தங்கும்வரை காத்திருப்பது, தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறித் தொட்டிக்குள் ஊற்றுவது, அரை மணி கழித்து வால்வைத் திறப்பது. இதுதான் என் வேலை. மலைக்காரர்களுக்குப் பவுடரின் பெயர் தேவையில்லை. அவர்களுக்கு அது மருந்து. அந்த வாடையும் அவர்களுக்கு ஆகாது. பாறைச் சந்தில் ஊறி வரும் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கு. “சோத்துல ஆசுபத்திரி வாடை அடிக்குது” என்று என்னைத் திட்டாத வீடு கிடையாது.

நான் பி.ஏ. படித்தவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கோபத்துக்காகச் சொல்கிறேன். என்னோடு படித்தவர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். நான் மட்டும், இது சர்க்கார் வேலை, பத்து வருடம் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம் செய்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். அந்தப் பத்து வருடமும் மழை, காய்ச்சல், மாமனார் சாவு எதற்கும் ஏணி ஏறாமல் இருந்ததில்லை. மனைவி கேலி செய்வாள்: “ஏனுங்க, அந்தத் தொட்டியையே கட்டியிருக்கலாமுங்க நீங்க.”

பதினோராவது வருடம் ஒரு திங்கட்கிழமை கீழே ஆபீசுக்குப் போய், என் மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் சொன்னார். “உங்களுக்கு யாருங்க அப்படிச் சொன்னது? இந்த வேலைக்கு பெர்மனன்ட்னு ஒண்ணு இல்லவே இல்லைங்க. எத்தனை வருஷம் பாத்தாலும் இதேதான்.”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இரக்கப்பட்டுச் சொன்னதால் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். பஸ் மலையேறும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள். இனி எந்தக் கம்பெனியிலும் என்னைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். யாருக்காக நான் தினமும் இந்த ஏணியில் ஏறுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். 

மறுநாள் செவ்வாய்க்கிழமை மோட்டார் போட்டேன், வால்வைத் திறந்தேன், ஏணியில் ஏறவில்லை. நோட்டில் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறுத்தும் என்று நினைத்தேன். உண்மையில் சுகமாக இருந்தது. அவர்கள் என்னை ஏமாற்றினார்கள், நான் அவர்களை ஏமாற்றுகிறேன், கணக்குச் சரியாகிவிட்டது என்று இருந்தது. ‘அவர்கள்’ யார் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தது கிளார்க் இல்லை.

புதன்கிழமையும் போடவில்லை. அன்று மாலை குழாயடியில், அத்தை முறையாகும் ஒரு பெண்மணி என்னைக் கூப்பிட்டார். தெருக்கோடி வீடு. கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவர் வீட்டுப் பின்னால் நிற்கும் பலாமரம்தான் எங்கள் ஊரில் பெரியது. வருடா வருடம் அதில் பழுக்கும் முதல் பழத்தை அவர் விற்கமாட்டார். கையில் எண்ணெய் பூசிக்கொண்டு அறுத்து, வீட்டுக்கு ஐந்து சுளை என்று தட்டில் வைத்து, தானே ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தப் பழம் வந்தால்தான் ஊரில் மற்றவர்கள் தங்கள் மரத்தில் கத்தி வைப்பார்கள்.

“சாமி, நாளைக்கு மொதப் பழம் அறுக்கறேன். உன்ற மருந்து வாடையில பழத்து வாசமே தெரிய மாட்டேங்குது. ஒரு நாளைக்குப் போடாம உடேன்” என்றார்.

“சரிங்க அத்தை” என்று சிரித்தேன். நான் நிறுத்தி இரண்டு நாள் ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. பழக்க தோஷத்தில், இல்லாத வாடையைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டாரே, போடாததற்கு ஒரு சாக்குக் கிடைத்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அன்றிரவு மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்துக் கிணற்றில் ஓடைத் தண்ணீர் கலங்கி இறங்கியது. அந்த மாதிரி சமயத்தில் மருந்தைக் கூட்டிப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வியாழக்கிழமை பழம் அறுத்தார்கள், நானும் ஐந்து சுளை தின்றேன். வெள்ளிக்கிழமையும் ஏணி ஏறவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது வீடுகளில் வாந்தியும் பேதியும். என் சின்னப் பெண்ணும் அதில் ஒருத்தி. எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒரு வயது, அதன் கண் உள்ளே போய்விட்டது. எல்லோரையும் ஒரு சரக்கு வண்டியில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நர்ஸ் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். “என்ன சாப்பிட்டாங்க? எல்லாரும் ஒரே மாதிரி என்ன சாப்பிட்டீங்க?”

எனக்கு விளங்கிவிட்டது.  மகளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். “பலாப்பழம் சாப்பிட்டாங்க சிஸ்டர். பழத்தைத் தின்னுட்டு மேல தண்ணி குடிச்சிருப்பாங்க.”

அவ்வளவுதான். எங்கள் மலையில் பிறந்த எவனுக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பலாச்சுளை தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வயிறு போகும் என்பது தாய்ப்பாலோடு வந்த நம்பிக்கை. பழம் வியாழக்கிழமை, வயிறு போனது சனிக்கிழமை என்று யாரும் நாள் பார்க்கவில்லை. “ஆமாங்க, அதேதான்” என்று என் மனைவியே தலையை ஆட்டினாள். நர்ஸ் கீழ்நாட்டுக்காரர். நம்பாமல்தான் பார்த்தார். தண்ணீரையும் பார்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறைக்குத் தகவல் அனுப்பினார்.

எதிர்வீட்டுக் குழந்தையை ஆம்புலன்ஸில் நாமக்கல்லுக்கு ஏற்றிய பிறகு, மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். நேராகத் தொட்டிக்குப் போனேன். இருமடங்கு மருந்தைக் கரைத்து ஊற்றினேன். தங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மத்தியானம் ஜீப்பில் வந்த சுகாதாரத் துறையினர் குழாய்த் தண்ணீரில் சோதனைத் திரவம் ஒரு துளி விட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் நல்ல மஞ்சளாக மாறியது. மருந்து இருக்கிறது என்று அர்த்தம். நோட்டைப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். “உங்க மேல தப்பில்லை” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மகள் படுக்கையில் கிடக்கிறாள், எதிர்வீட்டுக் குழந்தை பிழைக்குமா என்று தெரியாது. அந்த நேரத்தில் தோளில் பட்ட கையால் எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் பிழைத்தார்கள். குழந்தை ஆறு நாளில் திரும்பி வந்தது, இப்போது தெருவில் ஓடுகிறது. அத்தை மட்டும்தான் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். மீதிப் பழங்களை யாரும் கேட்கவில்லை, மரத்திலேயே பழுத்து விழுந்து ஈ மொய்த்தது. குழாயடியில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். மகன் போன் போட்டு, மரத்தை வியாபாரிக்குக் கொடுத்துவிடு, இனி எதற்கு அது என்றானாம்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் ஏணியைத் தவறவிட்டதில்லை. நிரந்தரமும் பதவி உயர்வும் வராது என்று தெரிந்தபின்தான் ஒழுங்காக வேலை பார்க்கிறேன். கூட்டத்தில் கேட்டார்களே, பிடிப்பு எப்படி வந்தது என்று, இப்படித்தான் வந்தது. இதை மைக்கில் சொல்ல முடியுமா?

அடுத்த வருடமும் அத்தை முதல் பழத்தை அறுத்தார். தட்டோடு வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் சளி என்றார்கள், இன்னொரு வீட்டில் விரதம் என்றார்கள். என் மனைவி முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாதவள். வாங்கிக்கொண்டாள், கொல்லைக்குப் போய் மாட்டுக்குப் போட்டாள். தட்டின் மூடியை எங்கள் வீட்டில் மறந்துவிட்ட அத்தை, அதை எடுக்கத் திரும்பி வந்தபோது இதைப் பார்த்துவிட்டார்.  மாடு தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மீதிச் சுளைகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அத்தை, பழத்துல ஒண்ணுமில்லீங்க. நான் மருந்து போடலீங்க” என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. “தெரியும் சாமி” என்றார். “நாந்தான கேட்டேன், போடாம உடுன்னு. நான் கேட்டதுக்காவத்தான நீ உட்ட? அன்னிக்கே எனக்குப் பொறி தட்டிருச்சு. வாயத் தொறந்தா உன்ற வேலை போயிருமேன்னு இருந்துட்டேன். ரெண்டு பொட்டப்புள்ளைக வெச்சிருக்கற. பண்ணுனது நானு, நானே பட்டுக்கறேன்.”

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்பதற்கு முன்பே நிறுத்திவிட்டேன், உங்களுக்காக இல்லை, என் வயிற்றெரிச்சலுக்காக, ஒரு நாள் இல்லை, நான்கு நாட்கள் என்று. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் எனக்கு ஒரு வழி விட்டிருந்தார். அதில் நுழைந்துகொண்டேன்.

“ஆமாங்க அத்தை” என்றேன்.

அவர் ஐந்து சுளை எடுத்து என் கையில் வைத்தார். அங்கேயே தின்றேன். தேனாக இனித்தது. அது கசந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

துண்டு போர்த்தியதற்கு மறுநாள் காலை குழாயடியில் அத்தை குடத்தோடு நின்றார். இந்த வருடமும் அவர் மரத்தில் காய் பிடித்திருக்கிறது, வியாபாரிக்கு இன்னும் கொடுக்கவில்லை. “மருந்து போட்டியா சாமி?” என்றார். இப்போதெல்லாம் தினமும் கேட்கிறார்.

“போட்டுட்டேனுங்க.”

“உனக்குத் துண்டு போட்டாங்களாமா? உன்ற ஊட்டுக்காரி சொன்னா. மனசு குளுந்துருச்சு.” குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துத் திறந்துவிட்டார். பிறகு யாருக்கும் கேட்காமல் தணிந்த குரலில் சொன்னார்: “அன்னிக்கு நான் மட்டும் அப்படிக் கேக்காம இருந்திருந்தா, உன்ற நோட்டு இன்னும் சுத்தமா இருந்திருக்கும். ஒரு நாள் கெட்டுப்போச்சு என்னால. எம்மேல கோவம் இல்லியே கண்ணு?”

குடம் நிறைந்து வழிந்தது. வால்வைத் திறந்துவிடும் எனக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை, அவரே மூடினார்.

“கோவமெல்லாம் இல்லீங்க அத்தை” என்றேன்.

குடத்தைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கி அவர் இடுப்பில் வைத்தேன்.